இதய வாழ்த்து அட்டை செய்யும் பெட்டி: ஸ்டாம்புக்காக வாங்கலாம், அட்டையை மட்டும் மாற்றிவிடுங்கள்

பிப்ரவரி 14-ஐ மனதில் வைத்துத்தான் இந்தப் பெட்டியைப் பலரும் வாங்குகிறார்கள். ஆனால் கல்யாண நாள், குழந்தை பிறந்த வீடு, டீச்சருக்கு ஒரு நன்றி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கு நலம் விசாரிப்பு என்று வருஷம் முழுக்க இதற்கு வேலை இருக்கிறது. இணையக் கடைகளில் நான்கைந்து பெயர்களில், கிட்டத்தட்ட ஒரே படத்தோடு, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. உள்ளே மடித்த அட்டை பத்து (ஆறு செவ்வகம், நான்கு இதய வடிவம்), உறை பத்து, இங்க் தொட்டு அச்சிடும், கண்ணாடி போன்ற பாலிமர் ஸ்டாம்ப் 14, அதை ஒட்டிப் பிடிக்க 5க்கு 7 செ.மீ. அக்ரிலிக் கட்டை ஒன்று, சிவப்பும் இளஞ்சிவப்புமாக இரண்டு இங்க் பேட், எம்பாசிங் பவுடர் சின்ன டப்பா, ஃபோம் டேப், ஒரு பாக்கெட் மினுமினுப்புத் தூள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஸ்டாம்ப் அருமை, அதற்காகவே வாங்கலாம். சிவப்பு இங்க் பரவாயில்லை. இளஞ்சிவப்பு இங்க்கை வேறு வேலைக்குத் திருப்பிவிட வேண்டும். செவ்வக அட்டை சுமார். இதய வடிவில் வெட்டிக் கொடுத்திருக்கும் நான்கு அட்டைகளும் வீண். கூட வரும் செய்முறைத் தாள் சமவெளி வீட்டுக்கு எழுதியது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில், ஜூலை சாரலிலும் ஜனவரி உறைபனியிலும், அது சொல்கிற காயும் நேரம் எதுவும் பொருந்தாது. குன்னூர் 1,850 மீட்டர்தான் என்றாலும் மழை மாதங்களில் கதை அதேதான். மூடுபனி இறங்கினால் காகிதம் ஈரம் குடிக்கும். குளிர் இறங்கினால் பசை பிடிக்காது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் இதே பெட்டியிலிருந்து கடையில் வாங்கியதைவிட நல்ல அட்டை வரும்.

ஸ்டாம்பிலிருந்து தொடங்கலாம். 14-ல் நிரப்பு இதயம் மூன்று (1.5, 3, 4.5 செ.மீ.), கோட்டு இதயம் மூன்று, தையல் போட்டது போல் விட்டுவிட்டு ஓடும் இதயம் ஒன்று, ஐந்து குட்டி இதயங்கள் கைகோத்து நிற்கும் பட்டை ஒன்று, மீதி ஆறும் ஆங்கில வாசகங்கள். கோடுகள் கூர்மையாக வெட்டப்பட்டிருக்கின்றன. தையல் இதயத்தின் இடைவெளிகூட இங்க் அடைக்காமல் நிற்கிறது. பாலிமரின் பெரிய வசதி, எங்கே வைக்கிறோம் என்பது கட்டை வழியாகவே தெரிவது. மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு ரப்பரில் குத்துமதிப்பாகத்தான் வைக்க முடியும்.

பிரித்த உடனே அச்சிட்டால் ஏமாற்றமாக இருக்கும். இங்க் வெற்றிலைமேல் தண்ணீர் தெளித்தது போல முத்து முத்தாக நிற்கும். வார்ப்பிலிருந்து கழன்றுவரத் தடவிய வழவழப்பு மேலே படிந்திருப்பதுதான் காரணம். பென்சில் ரப்பரால் மெதுவாக ஒரு தடவை தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பஞ்சு பறக்காத துணியால் ஒற்றி எடுங்கள். அதன் பிறகு பிரச்சினை வராது. ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகவே கூடாது, பாலிமர் கெட்டுப்போகும். கட்டையில் ஒட்டாமல் ஸ்டாம்ப் விழுகிறதென்றால் தூசி படிந்திருக்கிறது, கழுவினால் மறுபடி ஒட்டும். ஜனவரிக் காலையில் விழுந்தால் அது குளிரால் விறைத்தது. அரை நிமிடம் உள்ளங்கையில் வைத்து மூடினால் இளகிவிடும். ஜன்னலோரம் வெயிலில் போட்டுவைக்காதீர்கள். மலைவெயில் தோலைச் சுடுவது போலவே பாலிமரையும் மஞ்சளாக்கி இறுக்கிவிடும்.

பெரிய நிரப்பு இதயத்தில்தான் எல்லாருக்கும் கை தவறுகிறது. விளிம்பு நன்றாக விழும், நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கையை இன்னும் அழுத்தினால் சரியாகும் என்று அழுத்துவார்கள். விளிம்பு பிதுங்குமே தவிர நடுப்பகுதி நிரம்பாது. மேசையும் கெட்டி, கட்டையும் கெட்டி, நடுவில் இருக்கிற மெல்லிய பாலிமர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காகிதத்தைத் தொடுவதில்லை. அட்டைக்கு அடியில் தினசரித் தாளை எட்டு மடிப்பாக வையுங்கள், அல்லது பழைய மவுஸ் பேட். அந்தச் சிறு மெத்தையே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். இங்க் வைக்கும்போது ஸ்டாம்பை பேடில் குத்தாமல், ஸ்டாம்பைக் கவிழ்த்துப் பிடித்து பேடை அதன்மேல் லேசாகத் தட்டித் தட்டி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு தட்டு போதும், பளபளவென்று ஒரே படலமாகத் தெரிய வேண்டும். நேர்க்கீழாக வைத்து, நடுவிரலால் கட்டையின் மையத்தை ஐந்து எண்ணும்வரை அழுத்தி, நேர்மேலாக எடுங்கள். கட்டையை முன்னும் பின்னும் ஆட்டினால் இதயத்துக்கு வெளியே நிழல்போல் இன்னொரு விளிம்பு விழும். அதை அழிக்க வழியே இல்லை.

வாசகங்கள் ஆறில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை என்பது பெரிய குறை. அதற்கு வெளியே தேட வேண்டாம். ஆபீஸ் சீல் செய்து தரும் ரப்பர் ஸ்டாம்ப் கடை எந்த ஊர் பஜாரிலும் இருக்கும். ‘அன்புடன்’, ‘என்றும் உன்னோடு’, ‘நலமுடன் வாழ்க’ என்று எதையும் செய்து தருவார்கள். ஒன்று மட்டும் கவனம்: எழுத்து அளவு. ஆபீஸ் சீலுக்குப் போடும் சின்ன எழுத்தில் கேட்டால் ‘ன்’ மேல் உள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ‘ண’வின் சுழிகள் இங்க்கால் அடைத்து ஒரு கருப்புப் பொட்டாகிவிடும். 18 பாயின்ட் அளவுக்குக் குறையாமல், ஒரே தடிப்பில் ஓடும் எழுத்தாகக் கேளுங்கள். தடித்த எழுத்து வேண்டாம், கோடு தடிக்கும் அளவுக்குச் சுழிக்குள் இருக்கும் இடம் குறையும். பிடி இல்லாமல் வெறும் பாலிமராகத் தரச் சொன்னால் பெட்டியில் வந்த அக்ரிலிக் கட்டையிலேயே ஒட்டிக்கொள்ளலாம், விலையும் குறையும்.

சிவப்பு, டை இங்க் வகை. காகிதத்துக்குள் இறங்கி உடனே காயும். ஆனால் ஈரம் பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும். கடை ஜன்னலில் காட்சிக்கு வைக்கிற அட்டைக்கு இது ஆகாது. உறைக்குள் போகிற அட்டைக்குத் தாராளமாகப் போதும். இளஞ்சிவப்பு, பிக்மென்ட் இங்க். இது இறங்காது, மேலேயே உட்கார்ந்து மெல்லக் காயும். செய்முறைத் தாள் பத்து நிமிடம் என்கிறது. ஆகஸ்ட் மாதம் ஊட்டியில், வழவழப்பான ஐவரி அட்டையில் மறுநாள் காலையில் விரல் வைத்தாலும் ஒட்டுகிறது. ஆர்ட் கார்டு போன்ற பளபளப்பு அட்டையில் காயவே காயாது, மாசம் கழித்துத் தொட்டாலும் இழுகும். எனவே இளஞ்சிவப்பை நேரடி அச்சுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் காயாத இங்க்தான் எம்பாசிங் பவுடருக்கு வேண்டும். இளஞ்சிவப்பில் கோட்டு இதயத்தை அச்சிட்டு, உடனே மேலே பவுடரைத் தாராளமாகக் கொட்டி, மிச்சத்தை வேறொரு தாளில் தட்டி டப்பாவில் திருப்பிப் போட்டு, சூடு காட்டினால் பவுடர் உருகி, விரலால் தடவினால் தெரிகிற மாதிரி புடைத்த பளபளப்புக் கோடாகிவிடும். மழைக்காலத்தில் பவுடர் அச்சில் மட்டும் ஒட்டாமல் அட்டை முழுக்கத் தூவினாற்போல் ஒட்டும், உருக்கிய பிறகு சொரசொரவென்று மணல் மணலாக நிற்கும். அட்டை ஈரம் குடித்திருப்பதும் கைவிரல் பிசுக்கும் காரணம். அச்சிடும் முன் அட்டையை அரை நிமிடம் சூடு காட்டி ஆறவிடுங்கள். பிறகு டால்கம் பவுடரைப் பஞ்சில் தொட்டு ஒரு தடவை ஒற்றித் துடைத்துவிட்டு அச்சிடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பல்படாமல் செய்தால் அச்சு கண்ணாடி மாதிரி வரும்.

சூட்டுக்கு ஹேர் டிரையர் உதவாது. சூடு போதாது, காற்றுதான் அதிகம், பவுடரையே ஊதித் தள்ளிவிடும். ஹீட் கன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லுக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே, அச்சிட்ட பக்கம் வானம் பார்க்க, இடுக்கியால் பிடித்துக் காட்டுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுச் செய்வது பத்திரம், குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. மங்கலான தூள் ஒரு ஓரத்திலிருந்து பளபளப்பாக மாறிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். கடைசி ஓரம் பளபளத்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று வைத்தால் உருகியது காகிதத்துக்குள் இறங்கி, எண்ணெய்க் கறை மாதிரி தட்டையாகிவிடும்.

அட்டைக்கு வருவோம். இந்தப் பெட்டியின் பலவீனம் இங்கேதான். கனம் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம்) என்று போட்டிருக்கிறார்கள், கையில் பிடித்தால் அது உண்மைதான் என்று தெரிகிறது. ஆனால் கனம் மட்டும் போதாது. காகிதத்துக்கு ஒரு இழை ஓட்டம் உண்டு, பிரஸ்காரர்கள் கிரெய்ன் என்பார்கள். அட்டையை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் முதுகோடு சேர்ந்து இழை ஓடுகிறது. மடிப்பு இழையோடு சேர்ந்து போனால் வழவழவென்று படியும். இழைக்குக் குறுக்கே போனால் மடிப்பு முதுகில் நார் கிழிந்து முள்முள்ளாக நிற்கும். அதோடு காகிதம் ஈரம் குடிக்கும்போது இழைக்குக் குறுக்கேதான் அதிகமாக உப்பும். பெட்டியின் செவ்வக அட்டைகளில் மடிப்பு, இழைக்குக் குறுக்கே வருகிறது. சமவெளியில் அவ்வளவாகத் தெரியாது. மூடுபனி நாளில் மேசைமேல் நிறுத்தினால் மாலைக்குள் அட்டை வாயைப் பிளந்துகொள்ளும், மேல்மூலை இரண்டும் சுருளும்.

கிரீசிங்கும், அதாவது மடிப்பதற்காக அழுத்தும் கோடும், தலைகீழாக இருக்கிறது. கோடு அழுத்தினால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் சன்னமான புடைப்பு வரும். மடித்தபின் புடைப்பு உள்ளே இருக்க வேண்டும், பள்ளம் வெளியே. பார்க்கும்போது பள்ளத்தின் பக்கமாக மடிப்பதுதான் சரி என்று தோன்றும். அப்படி மடித்தால் வெளிமுதுகு இழுபட்டு வெடிக்கும். இந்தப் பெட்டியில் பள்ளம் உள்ளே இருக்கிறது. மேலே மட்டும் சிவப்பு பூசி உள்ளே வெள்ளையாக இருக்கும் அட்டையில் அந்த வெடிப்பு வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். ஏற்கெனவே வெடித்துவிட்டால் சிவப்பு இங்க் பேடின் ஓரத்தை மடிப்பு முதுகில் ஒரு இழுப்பு இழுங்கள், பாதி மறையும்.

மாற்றுக்கு அலைய வேண்டியதில்லை. ஊட்டி கமர்ஷியல் ரோடிலோ குன்னூர், கோத்தகிரி ஸ்டேஷனரி கடைகளிலோ ஏ4 அளவில் 250 அல்லது 300 ஜிஎஸ்எம் ஐவரி கார்டு கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற பிரஸ்ஸில் வெட்டு மீதி கேட்டுப் பார்ப்பதும் நல்லது, டெக்ஸ்சர் உள்ளதும் மெட்டாலிக் மினுப்பு உள்ளதும் கிடைக்கும். ஏ4 தாளில் இழை பெரும்பாலும் 297 மி.மீ. நீளத்தில் ஓடும். அதைக் குறுக்கே பாதியாக வெட்டினால் 210க்கு 148 மி.மீ. அளவில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் மறுபடி பாதியாக மடித்தால் 105க்கு 148. இந்த மடிப்பு இழையோடு சேர்ந்தே போகும். அதே ஏ4 தாளை வெட்டாமல் ஒரே பெரிய அட்டையாக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே வந்துவிடும், அப்போதுதான் முதுகு வெடிக்கும். இருந்தாலும் வளைத்துப் பார்க்காமல் வெட்டாதீர்கள், எல்லா அட்டையும் ஒரே மாதிரி வருவதில்லை.

பெட்டியில் மடிப்புக் கருவி கிடையாது. ஸ்டீல் ஸ்கேலும் மை தீர்ந்த பால்பாயின்ட் ரீபிலும் போதும். அடியில் இரண்டு சார்ட் தாள் வைத்து, ஒரே கோட்டில் இரண்டு தடவை இழுங்கள். மை கொஞ்சம் இருந்தாலும் கறை விழும், முதலில் வேறு தாளில் கிறுக்கிப் பாருங்கள். மடித்ததும் ஸ்பூனின் முதுகால் நீவிவிடுங்கள். நேரடியாக நீவினால் அட்டையில் பளபளப்புத் தடம் விழும், நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த நான்கு இதய அட்டைகள். முழு அட்டையும் இதய வடிவில், இடது ஓரத்தில் மடிப்போடு திறக்க வேண்டும். திறந்த இரண்டாம் தடவையே கையோடு வந்துவிடுகிறது. அளந்து பார்த்தால் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீளம் வெறும் 11 மி.மீ. இதயத்தின் பக்கவாட்டு வளைவு மடிப்புக் கோட்டை அரை மில்லிமீட்டர்தான் தாண்டும்படி வெட்டியிருக்கிறார்கள். வட்டம் ஒரு கோட்டை ஒரே புள்ளியில்தான் தொடும். எவ்வளவு தாண்டவிடுகிறோமோ அவ்வளவுதான் கீல்.

சொந்தமாக வெட்டினால் கணக்கு எளிது. 6 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, அதை மூலை கீழே வருமாறு சாய்த்து வையுங்கள். மேல் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளியிலிருந்து 3 செ.மீ. ஆரத்தில் ஆளுக்கொரு அரைவட்டம். காம்பஸ் இல்லையென்றால் 2.6 அளவு வளையல் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் உள்வட்டம் கிட்டத்தட்ட சரியாக 6 செ.மீ. இப்படி வரும் இதயம் 10.2 செ.மீ. அகலம், 9.4 செ.மீ. உயரம். 105க்கு 148 மி.மீ. அளவில் மடித்த அட்டையில் பொருந்தும். இந்த இதயத்தைத் தாளில் வெட்டி மடித்த அட்டைமேல் வைக்கும்போது இடது வளைவு மடிப்பைத் தாண்டி 4 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெட்டி முடித்தால் மடிப்பில் சரியாக 3 செ.மீ. ஒட்டி நிற்கும், அது கிழியாது. 2 மி.மீ. மட்டும் நீட்டினால் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். மேசையில் நிற்கிற அட்டை வேண்டுமென்றால் மடிப்பை இதயத்தின் தலைப்பக்கம் வைத்து, இரண்டு மேடுகளும் மடிப்பைத் தாண்டும்படி வையுங்கள். இரண்டு கீல், கூடாரம் மாதிரி உறுதியாக நிற்கும். இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒரே தடவையில் கத்தரிக்கோலால் வெட்டினால் கீழடுக்கு நழுவும். நான்கு இடத்தில் கிளிப் போட்டு, கத்தரியைத் திருப்பாமல் அட்டையைத் திருப்பித் திருப்பி வெட்டுங்கள்.

கதவு மடிப்பு இந்த ஸ்டாம்புகளுக்கு மிகப் பொருத்தம். 210 மி.மீ. துண்டில் 52-லும் 158-லும் கிரீசிங் போட்டால் நடுவில் 106, இரு பக்கமும் 52, 52. கதவுகள் மூடும்போது நடுவில் 2 மி.மீ. இடைவெளி இருக்கும். கணக்குச் சரியாக வர வேண்டுமென்று 52.5 போட்டால் இரண்டு கதவும் முட்டி நிமிரும், மழை நாளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 4.5 செ.மீ. இதயத்தைத் தனித் தாளில் அச்சிட்டு வெட்டி, இடது கதவில் மட்டும் பாதியளவு ஃபோம் டேப்பால் ஒட்டுங்கள். மறுபாதி வலது கதவின்மேல் சும்மா படியட்டும். பிரித்தால் இதயம் ஒரு பக்கம் போகும், மூடினால் முழுசாகும்.

திறந்ததும் எழுந்து நிற்கும் இதயம் செய்ய, செய்முறைத் தாளில் கூர்முனை இதயத்தின் படம் போட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அது நிமிர்ந்து நிற்காது, எப்போதும் சாய்ந்தே இருக்கும். ஒட்டும் காது இதயத்தின் நடுமடிப்புக்குச் செங்குத்தாக இருந்தால்தான் உருவம் நேராக எழும். கூர்முனை இதயத்தில் அந்தக் காது 45 பாகையில் இருக்கிறது. எனவே 4 செ.மீ. சதுரத்தில் வரைந்த இதயத்தின் கீழ்முனையை ஒன்றரை செ.மீ. உயரத்துக்கு நேராக வெட்டுங்கள். 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு அடித்தட்டு கிடைக்கும். அதில் 8 மி.மீ. காது விட்டு, காதை மட்டும் நடுவில் பிளந்து, இதயத்தைப் பாதியாக மடியுங்கள். முதல் காதை அட்டையின் நடுமடிப்பைத் தொட்டபடி 45 பாகைச் சாய்வில் ஒட்டுங்கள். இரண்டாவது காதுக்கு அளவே எடுக்க வேண்டாம். இதயத்தைப் படுக்கவைத்து, மேலே தெரியும் காதில் பசை தடவி, அட்டையை அப்படியே மூடி அழுத்துங்கள். அது தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். பசை பிதுங்கி இதயம் உள்ளேயே ஒட்டிப்போவதுதான் இங்கே நடக்கிற விபத்து. பல்குத்தும் குச்சி முனையால் தொட்டு வைத்தால் போதும்.

பசை பற்றி ஒரு வார்த்தை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை தண்ணீர் போய்ப் படலமாக இறுகினால்தான் பிடிக்கும். ஊட்டி ஜனவரி இரவில், அடுப்பில்லாத அறையில் ஒட்டினால் அந்தப் படலம் உருவாகாமல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் காய்ந்து, தட்டினால் உதிரும். இரட்டைப் பக்க டேப்பும் குளிரில் பல்லைக் காட்டும். அந்த மாதங்களில் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்குக்குள் ஒட்டு வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அச்சு, வெட்டு, மடிப்பு எல்லாம் ராத்திரியில் செய்யலாம். மழைக்காலத்தில் இதற்கு நேரெதிர்: பிடிக்கும், ஆனால் தண்ணீர்ப் பசை பட்ட அட்டை வளையும். தாளின்மேல் தாள் ஒட்டும்போது இரண்டின் இழையும் ஒரே திசையில் இருக்கட்டும், ஒட்டியதும் கனமான புத்தகத்துக்கு அடியில் ராத்திரி முழுக்க வையுங்கள். உள்ளே எழுதுவதற்கு 80 ஜிஎஸ்எம் சாதா தாள் போதும். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிற டிஎன்பிஎல்லின் ஏ4 தாளே பேனா மை ஊறாமல் எழுத வரும். அட்டையைவிட ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. குறைத்து வெட்டி, மடிப்போரம் மட்டும் ஒரு கோடு பசை.

பழைய துணியிலிருந்து கையால் செய்யும் புதுச்சேரி ஆசிரமத்துக் காகிதம் கிடைத்தால் ஒரு தடவை இந்த ஸ்டாம்பைப் போட்டுப் பாருங்கள். சொரசொரப்பில் கோட்டு இதயம் உடைந்து உடைந்து விழும், சரிவராது. நிரப்பு இதயம் மட்டும் பழைய சுவரில் அடித்த வண்ணம் மாதிரி அவ்வளவு அழகாக இறங்கும்.

மினுமினுப்புத் தூளைத் திறக்கவே வேண்டாம். அது பொடிப் பொடியான பிளாஸ்டிக். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, நியாயமான தடை. அட்டை செய்து கடைக்குக் கொடுப்பவர்களும் பாலித்தீன் உறையில் போடாமல், பட்டர் பேப்பரில் 4 செ.மீ. பட்டை வெட்டி இடுப்புக்கட்டு மாதிரி சுற்றி ஒட்டினால் அட்டையும் தெரியும், கையும் படாது. அலங்காரத்துக்கு மலையில் என்ன பஞ்சம்? வேலியோரம் படர்ந்திருக்கும் புளியாரையில் ஒவ்வொரு இலையும் மூன்று குட்டி இதயம். பறித்த உடனே, இதழ் விரிந்திருக்கும்போதே, தினசரித் தாளுக்கு நடுவில் வைத்துக் கனம் ஏற்றுங்கள். மழை மாதத்தில் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெற்றிலையின் பின்பக்கம் நரம்பு எழும்பி நிற்கும். சின்னக் கொழுந்து வெற்றிலையாக எடுத்து, அந்தப் பக்கத்தில் சிவப்பு பேடைத் தட்டி, அட்டையில் கவிழ்த்து மேலே தாள் வைத்து நீவினால் நரம்போடு ஒரு இதயம் கிடைக்கும். பெட்டியில் உள்ள 14-ம் சேர்ந்தாலும் அந்த அழகு வராது. இலையில் ஈரம் இருந்தால் இங்க் பிடிக்காது, துடைத்துவிட்டு அரை மணி நேரம் வாடவிடுங்கள்.

உறைகள் நன்றாக இருக்கின்றன, 114க்கு 162 மி.மீ., மடித்த அட்டை இறுக்கமில்லாமல் நுழைகிறது. ஆனால் வாய்ப்பகுதியில் தடவிய கோந்து ஈரக்காற்றிலேயே விழித்துக்கொண்டு தானாக ஒட்டிக்கொள்ளும். வாங்கிய அன்றே ஒவ்வொரு வாய்க்குள்ளும் ஒரு பட்டர் பேப்பர் துண்டு செருகி வையுங்கள். அட்டை, உறை, இங்க் பேட் எல்லாவற்றையும் இறுக்க மூடும் தகர டின்னில், மருந்துப் பாட்டில்களில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் நான்கைந்தோடு போட்டுவைத்தால் அடுத்த மழையைத் தாண்டிவிடும். இங்க் பேடைக் கவிழ்த்து வைப்பது நல்லது, மை மேற்பரப்பிலேயே நிற்கும்.

தபாலில் அனுப்புகிறவர்கள் எடையைப் பாருங்கள். சாதாரணக் கடிதக் கட்டணம் 20 கிராமுக்கு 20 கிராம் ஏறும். 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று 9.3 கிராம், உள்தாள் 2.3, உறை ஏறக்குறைய 5. ஆக 17 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஃபோம் டேப்பும் எழும் இதயமும் சேர்ந்தால் 20-ஐத் தொடும். 250 ஜிஎஸ்எம் அட்டை எடுத்தால் ஒன்றரை கிராம் மிச்சம். தபால்தலையின்மேல் முத்திரை ஓங்கி விழும் இடம் உறையின் வலது மேல்மூலை. அந்த மூலைக்கு நேர்க்கீழே புடைத்த இதயமோ உருக்கிய எம்பாசிங்கோ இருந்தால் நசுங்கிப் போய்ச் சேரும். உறைக்குள் வைக்கும்போது அட்டையைத் திருப்பி, கனமான பகுதி இடது கீழ்மூலைக்கு வருமாறு வையுங்கள். உறைக்கும் அட்டைக்கும் நடுவில் காலி ஊட்டி வர்க்கிப் பெட்டியிலிருந்து வெட்டிய ஒரு சன்னமான அட்டைத்துண்டு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதற்கு முன் இன்னொரு முறை எடை போட்டுவிடுங்கள்.